மிதிலைச் சுவர் ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுபனி ஓவியத்தைப் புடவையில் பார்த்திருப்போம், துணிப்பையில் பார்த்திருப்போம், செல்போன் உறையில்கூட வந்துவிட்டது. அது பிறந்த இடம் சுவர். பீகாரின் வடக்கிலும் நேபாளத்தின் தெற்குச் சமவெளியிலும் பரந்து கிடக்கும் மிதிலைப் பகுதியின் மண்வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பற்றி என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நண்பர்களும் உறவினர்களும் திருப்பிக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு நான் கொஞ்சம் நீட்டி முழக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

2025 பட்ஜெட் அன்று நிர்மலா சீதாராமன் கட்டியிருந்த புடவையில் இருந்தது இதுதானா?

இதேதான். 2025 பிப்ரவரி 1 அன்று அவர் கட்டியிருந்த வெளிர் நிறக் கைத்தறிப் புடவையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. மதுபனியில் உள்ள ஓவியப் பயிற்சி நிறுவனத்துக்கு அவர் போயிருந்தபோது, பட்ஜெட் அன்று கட்டிக்கொள்ளச் சொல்லி துலாரி தேவி கொடுத்த புடவை அது.

துலாரி தேவி மதுபனிக்குப் பக்கத்தில் உள்ள ராந்தி கிராமத்துக்காரர். மீன்பிடித் தொழில் செய்யும் மல்லா சமூகத்தில் பிறந்தவர். அதே ஊரில் மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற பெயர்பெற்ற ஓவியர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் வாசல் பெருக்கவும் போன துலாரி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகம் அவருடைய வாழ்க்கைக் கதையை அவருடைய ஓவியங்களோடே நூலாகப் போட்டிருக்கிறது. ஆக, பட்ஜெட்டுக்கு முன்பே அவர் தமிழ்நாட்டுக்கு அறிமுகமானவர்தான்.

மதுபனி ஓவியம், மிதிலை ஓவியம்: எது சரியான பெயர்?

இரண்டும் சரி. மதுபனி என்பது ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர். 1972 வரை அது தர்பங்கா மாவட்டத்துக்குள் இருந்தது. மிதிலை என்பது நிலப்பகுதி, மொழிப்பகுதி. மைதிலி பேசுகிற ஊர்கள் எல்லாம் மிதிலைதான். ஜனகனின் தலைநகர் என்று நம்பப்படும் ஜனக்பூர் இப்போது நேபாளத்துக்குள் இருக்கிறது. அங்கேயும் இதே மரபு உண்டு என்பதால் விஷயம் தெரிந்தவர்கள் மிதிலை ஓவியம் என்று சொல்வதையே விரும்புகிறார்கள். 2007இல் கிடைத்த புவிசார் குறியீடு மதுபனி ஓவியம் என்ற பெயரில் இருக்கிறது. கடைக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பெண்கள் இந்த வேலையை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? சுவரில் ‘எழுதுவதாக’. மைதிலியில் இதற்கு லிகியா என்று பெயர், எழுத்து என்றுதான் பொருள். நமக்கு இது புதிதில்லை. தமிழிலும் ஓவியத்தை எழுதத்தானே செய்தோம்? கண்ணுக்கு மை எழுதுகிறோம். வரைவது என்ற சொல் பரவலானது பிற்பாடுதான் என்று தோன்றுகிறது. அதனால் இனி நானும் இடையிடையே எழுதுவது என்றே சொல்கிறேன்.

சரி, சுவரில் என்னதான் எழுதுகிறார்கள்?

முக்கியமானது கோஹ்பர். கல்யாணம் முடிந்ததும் மணமக்களைப் பெண் வீட்டில் ஓர் அறையில் தங்கவைப்பார்கள். அந்த அறைக்குக் கோஹ்பர் கர் என்று பெயர். முதல் மூன்று இரவுகள் அவர்கள் அங்கே தங்கினாலும் கணவன் மனைவியாக வாழ மாட்டார்கள். பூஜையும் சடங்கும் பாட்டுமாக நாட்கள் போகும். நான்காம் நாள் சதுர்த்தி, அன்றுதான் நம்மூர்க் கணக்கில் சாந்தி முகூர்த்தம். அந்த நான்கு நாளும் மணமக்கள் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ, அந்தச் சுவரில் இருப்பதுதான் கோஹ்பர் ஓவியம்.

வேலை இப்படித் தொடங்கும். சுவரைச் சாணமும் மண்ணும் கலந்து மெழுகி ஆறவிடுவார்கள். வயதில் மூத்த சுமங்கலி ஒருவர் குங்குமத்தைத் தொட்டு முதல் பொட்டுகளை வைப்பார். அதற்கு முன் யாரும் கை வைக்கக் கூடாது. பிறகு மூங்கில் சிம்பின் நுனியில் பஞ்சையோ துணிக்கிழிசலையோ சுற்றிக்கொண்டு நடுத்தண்டை இழுப்பார்கள். பென்சில் கிடையாது, அளவுகோல் கிடையாது, அழிப்பான் கிடையவே கிடையாது. செங்குத்தாக ஒரு தண்டு. அதைச் சுற்றி வட்ட வட்டமான இலைகள். ஒவ்வோர் இலைக்கும் ஒன்றை ஒட்டி இன்னொன்றாக இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்கு இடையில் இருக்கிற நூலிழை இடத்தையும் சும்மா விடாமல் குறுக்குக் கோடுகளால் நிரப்புவார்கள். கை தேர்ந்தவர் தண்டையும் கண்களையும் எழுதுவார், சின்னப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பல் வேலையைச் செய்வார்கள். பள்ளிக்கூடம் அதுதான். வாய் சும்மா இருக்காது, கோஹ்பருக்கென்றே பாட்டுகள் இருக்கின்றன.

தண்டையும் இலையையும் சுற்றி மீன், ஆமை, கிளி, பாம்பு, சூரியன், சந்திரன் எல்லாம் வந்து சேரும். கௌரி பூஜை செய்யும் மணமக்களும் ஓரமாக இருப்பார்கள். அறையின் நான்கு மூலைகளிலும் முக்காடிட்ட ஒரு பெண் நிற்பாள், அவள் பெயர் நைனா ஜோகின். அவளுடைய ஒரு கண் மட்டும்தான் தெரியும். கண்ணேறு படாமல் மணமக்களைக் காப்பது அவள் வேலை. நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பூசணிக்காயைவிட அவள் அழகு.

நடுவில் இருக்கும் அந்தத் தண்டு மூங்கிலா, தாமரையா?

இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பலர், தண்டு ஆண், வட்ட இலைகள் பெண், மொத்தமும் இணைசேர்தலின் குறியீடு என்று எழுதினார்கள். மூங்கில் ஆண் வம்சம், அது கொத்துக் கொத்தாகப் பெருகுவதுபோல் குடும்பம் பெருகட்டும் என்பது விளக்கம். பிறகு வந்தவர்களில் சிலர் எழுதுகிற பெண்களிடமே கேட்டார்கள். அவர்கள் புரைன் என்றார்கள். தாமரைக் கொடி, தாமரை இலை என்று பொருள். குளத்தில் தாமரை படர்வதைப் போல வம்சம் படரட்டும், அவ்வளவுதான்.

மூங்கில் சில வீடுகளில் தனியாகவே இன்னொரு பக்கம் வரும். என் சார்பு தாமரைப் பக்கம். மீனும் ஆமையும் பாம்பும் சுற்றி இருக்கும்போது அது குளமாகத்தானே இருக்க வேண்டும்? மிதிலையில் குளம் இல்லாத ஊர் இல்லை.

இதைப் பெண்கள் மட்டும்தான் செய்வார்களா?

வீட்டுச் சுவரைப் பொறுத்தவரை ஆமாம். தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு. கல்யாணமாகிப் போகும் பெண் பிறந்த வீட்டு வடிவத்தையும் கூடவே கொண்டுபோவாள். கணக்கெழுதும் தொழிலுக்குப் பெயர்பெற்ற காயஸ்தர் சமூக வீடுகளில் குங்குமம் மடித்து அனுப்பும் காகிதத்திலேயே கோஹ்பரை எழுதி அனுப்பும் பழக்கம் இருந்தது. காகிதத்தில் எழுதுவது 1960களில் அரசாங்கம் வந்து சொல்லிக்கொடுத்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், முழுக்க அப்படி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

காகிதமும் காசும் வந்த பிறகு ஆண்களும் வந்தார்கள். இப்போது நல்ல ஆண் ஓவியர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

எத்தனை வருடம் தாங்கும்?

தாங்க வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. கல்யாணத்துக்கு எழுதியது அடுத்த பண்டிகைக்குச் சுவர் மெழுகும்போது அடியில் போய்விடும். மழைக்காலத்து ஈரத்தில் பாதி உதிர்ந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு அடுத்த கோஹ்பர். இந்த ஊர்களில் நூற்றாண்டுப் பழமை வாய்ந்த சுவரோவியத்தைத் தேடிப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். பழமை சுவரில் இல்லை, எழுதுகிறவளின் கையில் இருக்கிறது.

அப்படியென்றால் வீட்டுக்குள் இருந்த இது வெளியே எப்படித் தெரிந்தது?

சுவர் இடிந்து விழுந்ததால்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது அந்தப் பகுதியில் இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி, சேதத்தைப் பார்வையிட ஊர் ஊராகப் போனார். வெளிச்சுவர் சரிந்து கிடந்த வீடுகளில், அதுவரை வெளியாள் கண்ணில் படாத உள்ளறைச் சுவர்கள் திறந்து கிடந்தன. அவற்றில் இந்த ஓவியங்கள் இருந்தன. ஐரோப்பிய நவீன ஓவியங்களோடு பழக்கமுள்ளவர் அவர். பால் க்லீ, மீரோ பக்கம் ஓடியது அவர் மனம். பிற்பாடு புகைப்படங்கள் எடுத்தார், 1949இல் ‘மார்க்’ இதழில் கட்டுரையும் எழுதினார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கூரை போய், சுவர் போய், வீட்டில் உள்ளவர்கள் இருந்தார்களோ போனார்களோ, அந்த நிலையில் அந்த வீட்டுப் பெண்களின் படுக்கையறைச் சுவரை ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்று பார்த்திருக்கிறார். ‘கண்டுபிடிப்பு’ என்று புத்தகங்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனாலும் அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால் அந்தக் காலத்துச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் எதுவுமே இருந்திருக்காது.

காகிதத்துக்கு எப்போது மாறியது?

1966–67இல் பீகாரில் கடும் வறட்சி. வயல் காய்ந்து கிடந்தது. கைவினைத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்த புபுல் ஜயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதிக்கொடுங்கள், விற்றுத் தருகிறோம் என்பது திட்டம். முதலில் பெண்கள் தயங்கினார்கள். சுவரில் எழுதுவது மங்கல காரியம், அதை எப்படி விற்பது? வந்தவரோ முன்பின் தெரியாத ஆண். மெல்ல மெல்லச் சிலர் முன்வந்தார்கள். ஜித்வார்பூரின் சீதா தேவி, ஜகதம்பா தேவி, பிறகு ரசீத்பூரின் கங்கா தேவி.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜகதம்பா தேவி 1975இலும் சீதா தேவி 1981இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதே ஜித்வார்பூரின் பவுவா தேவி 2017இல் பெற்றார். ஒரே கிராமத்துக்கு மூன்று.

காகிதம் வந்ததில் வீட்டுச் செலவுக்குப் பெண்கள் கையில் காசு வந்தது, பெயர் வந்தது. சுவரில் எழுதியபோது யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. காகிதத்தில் ஓரமாகப் பெயர் எழுத வேண்டியிருந்தது. அதற்காகவே தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. போனது என்னவென்றால் அளவு. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்ற தாமரைத் தண்டு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சுருங்கியது.

சாதிக்கு ஒரு பாணி என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மையாக இருந்தது, இப்போது கலந்துவிட்டது. பிராமணர் வீடுகளில் உருவுக்குள் நிறத்தை நிரப்பும் பர்னி. காயஸ்தர் வீடுகளில் கறுப்பிலும் சிவப்பிலும் மெல்லிய கோடுகளாலேயே நிரப்பும் கச்னி. சீதா தேவி முன்னதற்கு எடுத்துக்காட்டு, கங்கா தேவி பின்னதற்கு. மூன்றாவது, கோத்னா. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கோத்னா என்றால் பச்சை குத்துவது. 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மன் மானிடவியலாளர் ஜித்வார்பூருக்கு வந்தபோது, அங்கிருந்த துசாத் என்ற தலித் சமூகப் பெண்களையும் காகிதத்தில் எழுதச் சொல்லித் தூண்டினார். என்ன எழுதுவது? தாமரைக் கோஹ்பர் அவர்களுடையது இல்லை. ஆனால் அவர்கள் கையிலும் காலிலும் பச்சைக் குத்தல் இருந்தது. வரிசை வரிசையாகப் புள்ளி, பூ, மனிதர், மிருகம். சானோ தேவி போன்றவர்கள் தோலில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். சாணம் கரைத்த நீரைத் தாளில் பூசிக் காயவைத்தால் மண்சுவரின் நிறம் வந்துவிடும், அதன்மேல் எழுதினார்கள். ஒரே மையத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக உருவங்கள் அடுக்கிய சாணப் பழுப்புத் தாள் ஒன்றை எங்காவது பார்த்தால் அது இந்த வழி வந்தது.

கதை என்று வரும்போது அவர்களுக்கு ராஜா சல்ஹேஷ் இருந்தார்.

ராஜா சல்ஹேஷ் யார்?

துசாத் மக்களின் காவல் தெய்வம், நாட்டுப்புற நாயகன். வாய்மொழிப் பாட்டாக இரவெல்லாம் பாடப்படுகிற கதை அவருடையது. யானைமேல் வருவார். தம்பிகள் மோதிராமும் புதேஸ்வரும் குதிரைமேல். பூக்கட்டும் மாலின் பெண்கள் அவர்மேல் காதல் கொண்டு காத்திருப்பார்கள். ஊர்க்கோயிலில் யானையும் குதிரையும் களிமண்ணில் செய்து வைத்திருப்பார்கள். நம் ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகளுக்கு நடுவில் நின்றவர்களுக்கு அந்தக் கோயில் அந்நியமாகவே தோன்றாது.

நேபாளத்தின் சிராஹா மாவட்டத்தில் லஹான் பக்கம் சல்ஹேஷ் பூந்தோட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, நேபாளப் புத்தாண்டு சமயத்தில், மாலைபோலத் தொங்கும் ஆர்க்கிட் பூ பூக்கும். சல்ஹேஷுக்காகக் காதலி வைத்த மாலை அது என்பது நம்பிக்கை. அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். நேபாளப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில், ஏறக்குறைய நம் சித்திரை ஒன்றுதான்.

மதுபனி ஓவியம் என்றதும் எல்லாரும் ராமர் சீதை திருமணத்தைச் சொல்வார்கள். யானைமேல் சல்ஹேஷ் வரும் ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். சல்ஹேஷையும் கோத்னாவையும் எழுதிவந்த சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நிறங்கள் எதிலிருந்து?

விளக்குப் புகைக்கரியில் கறுப்பு, மஞ்சளில் மஞ்சள், குசும்பப் பூவில் சிவப்பு, அவுரியில் நீலம், அவரை இலையில் பச்சை, அரிசி மாவில் வெள்ளை, பலாசப் பூவில் ஆரஞ்சு. ஒட்டுவதற்குக் கோந்து, சில இடங்களில் ஆட்டுப்பால். இது பழைய கணக்கு. இன்று பாதிக்கு மேல் அக்ரிலிக்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் ‘எல்லாமே இயற்கை வண்ணம்’ என்று அடித்துச் சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய கதைகளை மட்டும்தான் எழுதுவார்களா?

கங்கா தேவி 1980களில் அமெரிக்கா போனார். திரும்பி வந்து ரோலர் கோஸ்டரை எழுதினார், அதே கச்னிக் கோட்டில். பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலையும் சிகிச்சையையும் எழுதினார். கோஹ்பர் எழுதிப் பழகிய கைக்கு எதையும் எழுதத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

அவர் கடைசிக் காலத்தில், உடல் நலமில்லாத நிலையில், டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்கக் கோஹ்பர் எழுதிக்கொடுத்தார். 1991இல் இறந்தார். அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது அந்தச் சுவர் ஓவியம் அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2015இல் வெளிவந்தது. ஊர்ச் சுவர்கள் அழிவது வேறு. அவை அடுத்த கல்யாணத்துக்காக அழிகின்றன. இது அப்படி இல்லை. இதைத் திரும்ப எழுத கங்கா தேவி இல்லை.

இப்போதும் சுவரில் எழுதுகிறார்களா?

எழுதுகிறார்கள், ஆனால் இடம் மாறிவிட்டது. மண்வீடு போய்ச் செங்கல் வீடு வந்த பிறகு, பல குடும்பங்களில் கோஹ்பரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். வளைகுடாவிலும் நம் திருப்பூரிலும் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் பெயின்ட் அடித்த சுவரில் குங்குமப் பொட்டு வைக்க மனம் வராதுதானே.

அதே சமயம் வெளிச்சுவர்கள் நிறைந்துகொண்டிருக்கின்றன. 2017இல் மதுபனி ரயில் நிலையத்தை உள்ளூர் ஓவியர்கள் கூலி வாங்காமல் எழுதித் தந்தார்கள். ஏழாயிரம் சதுர அடிக்கு மேல். ராமாயணமும் கிருஷ்ண லீலையும் ஊர்க்கதைகளும் சூரியனை வழிபடும் சாத் பண்டிகையும் கலந்து கிடக்கும். அடுத்த வருடம் ரயில்வே அழகான நிலையங்களுக்குப் பரிசு கொடுத்தபோது மதுபனிக்கு இரண்டாம் பரிசு. அந்த இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்ட நிலையம் எது? நம் மதுரை.

அதற்கும் முன்பு, 2012 வாக்கில், ராம்பட்டியிலிருந்து ராஜ்நகர் போகும் சாலையோர மரங்களில் தெய்வ உருவங்களை எழுதினார்கள். சாமி இருக்கிற மரத்தில் யாரும் கோடாரி வைக்க மாட்டார்கள் என்ற கணக்கு. நம்மூரில் சுவரோரம் அசுத்தம் செய்யாமல் இருக்கச் சாமிப் படம் ஒட்டுவார்களே, அதே மூளை. ஆனால் இங்கே வேலைப்பாடு இருக்கிறது.

நேபாளப் பக்கம் ஜனக்பூரைச் சுற்றிய ஊர்களில் தீபாவளியை ஒட்டி வெளிச்சுவரில் யானை, மயில் எல்லாம் எழுதும் பழக்கம் உண்டு. சில வீடுகளில் மண்ணைக் குழைத்துப் புடைப்பாகவே செய்துவிடுவார்கள்.

ரயில் நிலையச் சுவரும் கோஹ்பரும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. நிலையச் சுவர் எல்லாரும் பார்க்க எழுதியது. கோஹ்பர் இரண்டே பேருக்காக எழுதியது.

ஜப்பானில் இதற்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே?

நீகாட்டா மாகாணத்தில் தோகாமாச்சி என்ற பனி கொட்டும் ஊரில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், தோக்கியோ ஹசெகாவா என்பவர் 1982இல் மிதிலை அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். மிதிலையிலிருந்து ஓவியர்களை வரவழைத்து அங்கேயே தங்கி எழுத வைத்தார். பெரிய பெரிய ஓவியங்கள், சுவரளவுக்கு. காகிதத்தில் சுருங்கிய தாமரை மறுபடியும் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்தது ஜப்பானில் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கையால் எழுதியதா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். ஒரு கண்காட்சியில் ‘முழுக்கக் கைவேலை’ என்று சொல்லி இரண்டு மீன் படங்கள் வாங்கினேன், ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அருகருகே மாட்டினால், இரண்டு மீனுக்கும் வால் பக்கத்தில் மூன்றாவது செதிலில் கோடு விட்டுப்போயிருக்கிறது. அதே இடத்தில், அதே அளவுக்கு. மனிதக் கை ஒரே தப்பை இரண்டு முறை அச்சு அசலாகச் செய்யாது.

அதனால் தப்பைத் தேடுங்கள். இரட்டைக் கோடு எங்காவது நெருங்கி, எங்காவது விலகித்தான் போகும். நிப்பில் மை தீரும் இடத்தில் கோடு மெலிந்து, தொட்டு எடுத்ததும் தடிக்கும். ஒரு பூவின் நிரப்பலும் பக்கத்துப் பூவின் நிரப்பலும் ஒன்றாக இருக்காது. தாளைத் திருப்பிப் பார்த்தால் அழுத்தி எழுதிய இடம் தெரியும். எல்லாவற்றையும்விட, எழுதியவர் பெயரைக் கேளுங்கள். கைவேலையை விற்கிறவருக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

நம் கோலத்துக்கும் இதற்கும் உறவு உண்டா?

சுவரைவிடத் தரையில் உறவு அதிகம். மிதிலையில் தரையில் போடுவதற்கு அரிபன் என்று பெயர். ஊறவைத்து அரைத்த ஈர அரிசி மாவைத் தொட்டு விரலால் ஒழுகவிட்டு எழுதுவார்கள். கல்யாணத்துக்கு நாம் போடும் மாக்கோலம் அப்படியே. நாம் ஓரத்தில் காவி பூசுகிறோம், அவர்கள் குங்குமப் பொட்டு வைக்கிறார்கள். ஆனால் அரிபனில் பாதமும் தாமரையும் மீனும்தான் அதிகம், நம் புள்ளி வைத்துச் சுற்றும் சிக்குக்கோலக் கணக்கு அங்கே இல்லை. யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் போக வேண்டாம். அரிசி விளைகிற ஊரில் அரிசி மாவில் எழுதுகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் நாங்களே எழுதிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஒரு மீனில் தொடங்குங்கள். வெளிக்கோட்டை இரட்டையாகப் போடுங்கள், இடையில் குறுக்குக் கோடு. நிழல் காட்டாதீர்கள், இந்த ஓவியத்தில் வெயிலே அடிப்பதில்லை. முகம் பக்கவாட்டில், கண் பெரிதாக. வெற்றிடம் விடாதீர்கள். பென்சிலை மட்டும் தொடாமல் இருந்து பாருங்கள், முதல் மீன் கோணலாக வரும், மூன்றாவது மீன் உங்களுடையதாகிவிடும்.

கோஹ்பரை வரவேற்பறை அலங்காரமாக எழுதலாமா என்று கேட்டால், தடுக்க நான் யார்? அது எந்த அறைக்கான படம் என்று விவரம் தெரிந்த விருந்தாளி வந்தால் கொஞ்சம் சிரிப்பார், அவ்வளவுதான்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எப்படிப் போவது, எப்போது போவது?

தர்பங்கா வரை போனால் அங்கிருந்து மதுபனி சுமார் 35 கிலோமீட்டர். தர்பங்காவில் 2020 நவம்பரிலிருந்து பயணிகள் விமானம் உண்டு. மைசூரிலிருந்து புறப்படும் வாராந்திர பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் பெரம்பூர் வழியாகத் தர்பங்கா போகிறது, பயணம் நெடியது. மதுபனி ஊரிலிருந்து ஜித்வார்பூரும் ராந்தியும் ஆட்டோ தூரம்தான். வீட்டு வாசலிலேயே தாளை விரித்து எழுதிக்கொண்டிருப்பார்கள், நின்று பேசலாம், அவர்கள் கையிலேயே காசு கொடுத்து வாங்கலாம்.

கோடையும் மழைக்காலமும் கஷ்டம், வெள்ளம் வரும் பூமி. நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. உண்மையான கோஹ்பர் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண வீட்டுக்கு யாராவது அழைக்க வேண்டும். அப்படியே அழைத்தாலும், மணமக்கள் உள்ளே போவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்.